வாடகை வீட்டுத் தண்ணீரும் அடியார்களின் ஹக்கும்



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஸூரத்துல் முல்க்கை நம்மில் பலர் இரவு தோறும் ஓதிவிட்டுத்தான் படுக்கிறோம். அதன் கடைசி ஆயத்தில் அல்லாஹ் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறான். உங்கள் தண்ணீர் பூமிக்குள் இறங்கிப் போய்விட்டால், ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவந்து தருபவன் யார் என்பது அந்தக் கேள்வி (67:30). வெண்ணாற்றுப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு, ஒரு காலத்தில் அந்தக் கேள்வியின் கனம் தெரியாமல் இருந்தது. ஆற்றிலும் வாய்க்காலிலும் குளத்திலும் தண்ணீர் நின்றது. பள்ளிவாசல் ஹவுள் நிறைந்திருந்தது. தண்ணீருக்கு விலை என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பார்கள்.

இன்று அப்படியில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அணை அக்டோபரிலேயே மூடப்பட்டு, குறுவைப் பயிர் கண்ணெதிரே காய்ந்ததைப் பார்த்தோம். அடுத்த ஆண்டு ஜூலை மாதக் கடைசியில்தான் அணை திறந்தது. வீடுகளிலோ ஆற்றை மறந்து வெகு காலமாகிறது. போர் போட்டு, மோட்டார் வைத்து, மாடியில் தொட்டி ஏற்றி, அங்கிருந்து குழாய் வழியாக இறக்கிக் குடிக்கிறோம், குளிக்கிறோம், ஒளுச் செய்கிறோம். தண்ணீருக்கு இப்போது கணக்கும் வந்துவிட்டது, காசும் வந்துவிட்டது. காசு வந்த இடத்தில் ஹலால், ஹராம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன். இதை எழுதத் தூண்டியது என்னிடம் நேர்ந்த ஒரு தவறு.

நான் பயானில் சொன்னது

நம் கூத்தாநல்லூரில் பெரிய வீடுகளைத் தடுத்துப் போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அரபு நாடுகளிலும் இருக்கிறார்கள். இங்கே வீடு பூட்டிக் கிடப்பதைவிட நாலு குடும்பம் இருக்கட்டும் என்று விடுகிறார்கள். அது நல்ல காரியமே. அப்படி நான்கு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு ஹாஜியார், நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி, ஒரு நாள் அஸருக்குப் பிறகு என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், ஒவ்வொரு போர்ஷனுக்கும் குட்டி மீட்டர் வைத்து, ஆயிரம் லிட்டருக்கு 40 ரூபாய் என்று கணக்குப் போட்டு வாங்குகிறேன். மற்ற மூன்று வீட்டிலும் ஒழுங்காக ஓடுகிறது. ஒரு வீட்டில் மட்டும் மீட்டர் பறக்கிறது. கேட்டால், நாங்கள் செலவழிக்கவில்லை என்கிறார்கள். தண்ணீரை அள்ளிக் கொட்டுவது பாவம் என்று பயானில் நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

நானும் அந்த வெள்ளிக்கிழமையே சொன்னேன். வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருமறை எச்சரிப்பதை (17:27) எடுத்துச் சொன்னேன். மீட்டர் வைத்தும் திருந்தாத வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் சிறிய ஊரில் பெயர் சொல்ல வேண்டுமா? எந்த வீடு என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நான் சொன்ன மார்க்கத்தில் பிழையில்லை. தண்ணீர் விஷயத்தில் ஷரீஅத் மிகக் கண்டிப்பானது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்வார்கள் என்றும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையுள்ள நீரில் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. ஒரு முத்து என்பது, மத்ஹபுகளின் கணக்கு வேற்றுமையையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இருக்கும். ஒரு சொம்பு நீர்! நாமோ குழாயை முழுவதும் திறந்துவிட்டு, பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டே கை கழுவுகிறோம். நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் 24 லிட்டர் போய்விடுகிறது. நாயகத்தின் ஒளுவைப்போல் இருபத்து நான்கு பேருடைய ஒளு அது.

ஒளுச் செய்துகொண்டிருந்த ஸஃது (ரலி) அவர்களைப் பார்த்து, இதென்ன விரயம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதும், ஒளுவிலுமா விரயம் என்று அவர்கள் வியந்ததும், ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும்தான் என்று நாயகம் அவர்கள் பதில் சொன்னதும் இப்னு மாஜாவில் வருகிறது. அதன் ஸனதில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் சொன்னாலும், அதன் கருத்தை நம் இமாம்கள் சட்டத்தில் ஏற்றிருக்கிறார்கள். ஆற்று நீரிலும் சொந்த நீரிலும் அளவு மீறுவது மக்ரூஹ் என்றும், பள்ளிவாசல், மதரஸா போன்ற வக்ஃபுடைய நீரில் அளவு மீறுவது ஹராம் என்றும் துர்ருல் முக்தார் கிதாபில் எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் உண்மை. ஆனால் உண்மையான மஸ்அலாவைத் தவறான ஆளின் மீது எறிந்தால் அதுவும் அநியாயமே. அதை நான் மறுநாள்தான் அறிந்துகொண்டேன்.

ஒரு நோட்டுப் புத்தகம்

சனிக்கிழமை காலை ஒரு சிறுவன் வந்தான். "ஹஜ்ரத், அம்மா உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க. மாமாவும் வீட்டில இருக்காங்க" என்றான். மோதினாரையும் அழைத்துக்கொண்டு போனேன். அந்தச் சகோதரியின் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். வீட்டில் மூன்று பிள்ளைகளும் வயதான மாமியாரும். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார்.

பத்து நாள் கணக்கு அதில் இருந்தது. இரவு 11 மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு மீட்டரில் என்ன எண். காலை 5 மணிக்கு, யாரும் குழாயைத் தொடுவதற்கு முன் என்ன எண். ஒவ்வோர் இரவும் 120 லிட்டர் அளவுக்கு ஓடியிருந்தது. ஆள் தூங்குகிறார்கள், மீட்டர் தூங்கவில்லை.

அவர் தம்பி ஒரு வேலை செய்தார். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கழிவறையின் ஃபிளஷ் டேங்கில் ஊற்றினார். யாரும் இழுக்கவில்லை, அழுத்தவில்லை. கால் மணி நேரத்தில் கீழே பீங்கானில் நீல நிறம் இறங்கியது. உள்ளே இருக்கும் வால்வு தேய்ந்து, சத்தமில்லாமல் இரவும் பகலும் நீர் கசிந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

கணக்குப் பாருங்கள். 6 மணி நேரத்தில் 120 லிட்டர் என்றால் மணிக்கு 20, நாளைக்கு 480, மாதத்துக்கு 14,400 லிட்டர். ஆயிரத்துக்கு 40 ரூபாய் வீதம் மாதம் 576 ரூபாய். மீட்டர் வைத்து ஏழு மாதம் ஆகிறது. அந்த வீட்டுக்கு வந்த முதல் பில்லிலிருந்தே தொகை அப்படித்தான் என்றார்கள். அதாவது, ஓட்டை அவர்கள் செய்ததல்ல, அவர்களுக்கு ஒப்படைக்கப்பட்டது. ஏழு மாதத்துக்கு 4,032 ரூபாய், அவர்கள் குடிக்காத, குளிக்காத, ஒளுச் செய்யாத தண்ணீருக்காகக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். திரைக்குப் பின்னாலிருந்து அந்தச் சகோதரி சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "ஹஜ்ரத், காசு கிடக்கட்டும். நேற்று ஜும்ஆ முடிந்து வந்த என் பிள்ளை, நாமதானாம்மா ஷைத்தானோட சகோதரங்க என்று கேட்டான். அவனுக்கு நான் என்ன சொல்ல?"

எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

ஒழுகும் வீட்டின் மஸ்அலா

அன்று இரவு கிதாபுகளை எடுத்துப் பார்த்தேன். புதிதாக ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை. ஓதிய பாடந்தான். இஜாரா எனும் வாடகைப் பாடத்தில், வாடகைக்கு விட்ட வீட்டைச் செப்பனிடுவது, கூரை நீர்த் தூம்பைச் சரி செய்வது ஆகியவை வீட்டுக்காரர் மீது என்று ஹனஃபி மத்ஹபின் கிதாபுகள் சொல்கின்றன. அந்த வீட்டின் கிணறு, சாக்கடை, கழிவறை ஆகியவற்றைச் சீர்படுத்துவதும் அவர் மீதே என்று பெயர் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்கள். அவர் செய்யாவிட்டால் வீட்டைக் காலி செய்து போகும் உரிமை குடித்தனக்காரருக்கு உண்டு. குறையைக் கண்ணால் பார்த்து, அதை ஏற்றுக்கொண்டே குடிவந்தவருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. ஷாபிஈ மத்ஹபிலும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதுபோலவே வருகிறது. செப்பனிடுவது வீட்டுக்காரர் மீது. அவர் முன்வந்து செய்தால் நல்லது. இல்லையேல் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை குடித்தனக்காரருக்கு உண்டு.

குழாயும் மீட்டரும் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட கிதாபுகள் அவை. அப்போதே கிணற்றையும் கழிவறையையும் நம் இமாம்கள் மறக்கவில்லை!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இது முஸ்லிமில் வரும் ஹதீஸ். மேலே பார்த்தால் காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மேலே பார்த்தால் பளபளக்கும் பீங்கான், உள்ளே கசிவு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தெரிந்தே மறைத்தால் மோசடி. தெரியாமல் நடந்தால் குற்றமில்லை. ஆனால் தெரிந்த பிறகும் வாங்கிய காசைத் திருப்பாமல் இருந்தால், அது பிறர் பொருளைத் தவறான முறையில் உண்பதில் (4:29) சேர்ந்துவிடும்.

பிறகு அளவை. மீட்டர் என்பது தராசு. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்கு நாசம் என்று ஸூரத்துல் முதஃப்பிஃபீன் தொடங்குகிறது (83:1-3). குடித்தனக்காரரின் கையில் சேராத தண்ணீரை அவருடைய கணக்கில் எழுதுவதும் அளவில் குறைப்பதே. கடையில் படிக்கல்லைப் பார்க்கிற நாம், வீட்டில் குழாயைப் பார்க்க வேண்டாமா?

"தண்ணீருக்குக் காசு வாங்கலாமா ஹஜ்ரத்?" என்று சிலர் கேட்கிறார்கள். முஸ்லிம்கள் தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் கூட்டாளிகள் என்று அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறதே என்கிறார்கள். ஆறும் ஊற்றும் எல்லோருக்கும் பொது. உபரி நீரைத் தடுத்து வைப்பது கடும் பாவம். ஆனால் ஒருவர் இறைத்துத் தம் பாத்திரத்திலோ தொட்டியிலோ சேர்த்துவைத்த நீர் அவருடைய பொருள். அதற்கு விலை வாங்கலாம். மோட்டாருக்கு மின்சாரம், பழுதுக்குச் செலவு எல்லாம் இருக்கின்றன. ஆகவே வாங்குவது ஹராம் அல்ல. ஆனால் எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பது முன்னாலேயே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத தொகைக்கு ஒப்பந்தம் கூடாது. "எனக்கு ஆகிற செலவைத்தான் வாங்குகிறேன்" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் வாங்குவது பொய்யும் துரோகமும் சேர்ந்த பாவம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மறுநாள் ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. "ஹஜ்ரத், நீங்கள் கிதாபு பார்த்துச் சொல்கிறீர்கள். நான் சட்டம் பார்த்துச் சொல்கிறேன். கழிவறை ரிப்பேர் குடித்தனக்காரர் பொறுப்பு என்று கவர்ன்மென்டே எழுதியிருக்கிறது" என்றார்.

அவர் சொன்னது பொய்யல்ல. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் அட்டவணையில் வேலைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. தேவைப்படும்போது குழாய்ப் பாதைகளை மாற்றுவது வீட்டுக்காரர் மீது. குழாயையும் அதன் வாஷரையும் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கழிவறைப் பழுது பார்ப்பது போன்ற அன்றாட வேலைகள் குடித்தனக்காரர் மீது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியங்களை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

நான் சொன்னேன்: "ஹாஜியார், ஒருவர் கையில் நல்ல நிலையில் ஒப்படைத்த பொருள் அவர் பயன்படுத்தும்போது தேய்ந்தால், அதைச் சரி செய்வது அவர் மீது என்று வைப்பதில் நியாயம் உண்டு. நீங்கள் ஒப்படைத்தபோதே தேய்ந்திருந்ததை யார் மீது வைப்பது? அதிலும் நீங்கள் தண்ணீருக்கு அளந்து காசு வாங்குகிறவர். காசு வாங்காமல் சும்மா விட்டிருந்தால் கசிவின் நஷ்டம் உங்களுடையதாக இருந்திருக்கும். அடுத்த வாரமே பிளம்பரைக் கூப்பிட்டிருப்பீர்கள். மீட்டர் வைத்ததும் நஷ்டம் அவர்கள் தலைக்குப் போய்விட்டது. பழுது பார்க்கும் அவசரமும் உங்களை விட்டுப் போய்விட்டது."

விஷயத்தின் வேர் இதுதான் சகோதரர்களே! டேங்கைத் தேர்ந்தெடுப்பவர் வீட்டுக்காரர். குழாயைத் தேர்ந்தெடுப்பவர் வீட்டுக்காரர். மலிவானதை வாங்கிப் பொருத்தி மிச்சப்படுத்துபவரும் அவரே. அதனால் வரும் தண்ணீர்ச் செலவைக் கட்டுபவர் மட்டும் வேறொருவர்.

இதை உணர்ந்து சட்டம் போட்ட நாடுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 2010-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2011 ஜனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் தண்ணீர்க் காசு வாங்கிவிட முடியாது. அந்த வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்க வேண்டும். தண்ணீர் வாரியம் பயன்பாட்டுக்குப் போட்ட தொகைக்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு தண்ணீர் வீணாகாத வீடாக இருக்க வேண்டும். ஷவரிலும், சமையலறை, கைகழுவும் தொட்டிக் குழாய்களிலும் நிமிடத்துக்கு 9 லிட்டருக்கு மேல் வரக் கூடாது. குடிவரும் நாளில் ஒழுகும் குழாயோ ஒழுகும் கழிவறையோ இருக்கக் கூடாது. 2025 மார்ச் 23 முதல், சிறிது பெரிது என இரண்டு பொத்தான் உள்ள சிக்கன ஃபிளஷ் டேங்கும் இருக்க வேண்டும். பில் வந்த மூன்று மாதத்துக்குள் கேட்டால்தான் காசு. கேட்ட பிறகு கட்டுவதற்கு 21 நாள் தவணை. இந்த நிபந்தனைகள் நிறைவேறாவிட்டால், தண்ணீருக்கென்று குடித்தனக்காரரிடம் வாங்க வீட்டுக்காரருக்கு உரிமையே இல்லை.

நம் ஊரார் பாதிப் பேருக்குச் சொந்த வீடு போன்ற சிங்கப்பூரில், 2009 ஜூலை முதல் குழாய்களுக்கும் ஃபிளஷ் டேங்குகளுக்கும் தண்ணீர்ச் சிக்கன முத்திரை கட்டாயம். பெங்களூரில் 2024-ல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, அடுக்குமாடிகளிலும் ஹோட்டல்களிலும் குழாய் மூக்கில் காற்றுச் சல்லடை பொருத்த வேண்டும் என்று அங்குள்ள குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. காற்றைக் கலந்து விடுவதால், கை நனைவதில் குறைவு தெரியாது. ஓடும் நீர் மட்டும் குறையும்.

நமது மாநிலச் சட்டத்தில், தண்ணீர்க் காசு வாங்கும் வீட்டுக்காரருக்கு இப்படிச் சிக்கனக் குழாய் நிபந்தனை இல்லை. ஆனால் முஸ்லிமுக்குச் சட்டப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு கடமை முடிந்துவிடுமா? ஈமான் கொண்டவர்களே, ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளை (5:1) நமக்கு வந்திருக்கிறது. குடித்தனக்காரர் காசு கொடுப்பது தண்ணீருக்கு, ஓட்டைக்கு அல்ல. அதுதான் ஒப்பந்தத்தின் கருத்து.

செய்ய வேண்டியவை

வீட்டுக்காரர்களுக்கு முதலில் சொல்கிறேன். வாடகைக்கு விடுமுன் ஒருநாள் இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டரைப் பாருங்கள். காலையில் எண் மாறியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஃபிளஷ் டேங்கில் நீலம் ஊற்றிப் பாருங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயை அற்பமாக எண்ணாதீர்கள். ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. நாலு சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் தினம் 21 லிட்டருக்கு மேல். மாதம் 650 லிட்டரை நெருங்கும். ஒரு சிறிய வாஷரில் அடங்கிவிடும் காரியம்.

பழைய ஃபிளஷ் டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டர் கொட்டும். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் நாளைக்கு இருபது தடவை என்றால் 200 லிட்டர். 3 லிட்டர், 6 லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ள டேங்கில், பதினைந்து தடவை சிறியதும் ஐந்து தடவை பெரியதுமாகப் பயன்படுத்தினால் 75 லிட்டர்தான். நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று நம் நாட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் 45 லிட்டர் கழிவறைக்கே போகிறதாம். மூன்றில் ஒரு பங்கு! ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டிய முதல் இடம் அதுதான். ஒளுச் செய்யும் சொம்பு நீரைப் பற்றிப் பயான் செய்கிற நாங்களும் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மீட்டர் இல்லாமல் தலைக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள் தொகையை முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மீட்டர் வைப்பவர்கள், குடிவரும் நாளில் எண்ணை இருவரும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் ஆயத்துதான் (2:282) திருமறையிலேயே மிக நீளமானது.

குடித்தனக்காரர்களே! உங்களுக்கும் கடமை உண்டு. வீடு உங்கள் கையில் அமானிதம். கசிவைக் கண்டும், நமக்கென்ன என்று சொல்லாமல் இருப்பது அமானிதத்தில் குறை வைப்பது. மீட்டருக்கு முன்னால் குழாய் பிரித்துத் தண்ணீர் எடுப்பது திருட்டு. மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்தால், பில் யார் பெயரில் என்று யோசிக்காமல் ஓடிப் போய் நிறுத்துங்கள். உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கட்டளை (7:31) எல்லோருக்கும் பொது.

ஜமாஅத் நிர்வாகிகளே! பள்ளிவாசல்களுக்கும் வாடகை வீடுகள், கடைகள் இருக்கின்றன. அவை வக்ஃபு. முதலில் அங்கே குழாய்களைப் பாருங்கள். ஒளுச் செய்யும் இடத்தில் ஒழுகும் குழாயை மாதக் கணக்கில் விட்டுவைத்துவிட்டு, மிம்பர் அருகில் நின்று தண்ணீர்ச் சிக்கனம் பேசினால் யார் கேட்பார்கள்?

பெரிய கணக்கு

தண்ணீரை விலைக்குக் கொடுத்தவர்கள் அந்தக் காலத்து மதீனாவிலும் இருந்தார்கள். ரூமா கிணற்றின் நீரை மக்கள் காசு கொடுத்துக் குடித்துவந்தார்கள். உத்மான் (ரலி) அவர்கள் அதை விலைக்கு வாங்கி முஸ்லிம்கள் அனைவருக்கும் வக்ஃபு செய்தார்கள். விற்றவரின் பெயரை இன்று யாரும் நினைப்பதில்லை. வாங்கி விட்டுக்கொடுத்தவரை நினைக்காத ஊர் இல்லை. எல்லோரும் உத்மானாக முடியாது. ஆனால் அநியாயமாக ஒரு சொட்டுக்குக் காசு வாங்காதவராக எல்லோராலும் இருக்க முடியும்.

தொழுகை, நோன்பு, ஜகாத்து எல்லாவற்றோடும் மறுமையில் வந்து, ஒருவரைத் திட்டியதற்கும் ஒருவர் மீது பழி சுமத்தியதற்கும் ஒருவர் பொருளை உண்டதற்கும் நன்மைகளைப் பங்கிட்டுக் கொடுத்தே வெறுங்கையராகிறவர்தான் உண்மையில் முஃப்லிஸ், திவாலானவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களுக்கு விளக்கினார்கள். முஸ்லிமில் வரும் இந்த ஹதீஸில் மூன்று வரி எனக்குள் தைத்தன. பொருளை உண்டது ஹாஜியார் பக்கம் என்றால், பழி சுமத்தியது என் பக்கமல்லவா? அல்லாஹ்வின் ஹக்கைத் தவ்பா செய்தால் அவன் மன்னிப்பான். அடியாரின் ஹக்கை அந்த அடியார்தான் மன்னிக்க வேண்டும்.

அதனால் அடுத்த ஜும்ஆவில், பயானின் தொடக்கத்திலேயே சொன்னேன்: "சென்ற வாரம் நான் விசாரிக்காமல் பேசினேன். அந்த வீட்டார் தண்ணீரை வீணாக்கவில்லை. ஓட்டை வேறிடத்தில் இருந்தது. என்னை அவர்கள் மன்னிக்க வேண்டும்." அந்தச் சிறுவன் மூன்றாவது ஸஃப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன். அன்று எனக்குக் கிடைத்ததை விடப் பெரிய சன்மானம் வேறில்லை.

ஹாஜியார் அன்று ஒன்றும் பேசாமல் போனார். இரண்டு வாரம் கழித்து, நான்கு போர்ஷனிலும் டேங்கை மாற்றி, குழாய்களுக்குச் சல்லடை மூக்கு வைத்துவிட்டதாக மோதினார் வந்து சொன்னார். 4,032 ரூபாயை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். பிறகு ஒரு நாள் ஹாஜியாரே என்னிடம், "ஹஜ்ரத், மற்ற மூன்று வீட்டின் நோட்டையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்" என்றார். அல்லாஹ் அவருடைய ஹஜ்ஜையும் தர்மங்களையும் ஏற்றுக்கொள்வானாக!

சகோதர சகோதரிகளே! இன்றிரவு படுக்கும் முன் மீட்டரையோ தொட்டியையோ ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுங்கள். காலையில் ஃபஜ்ருக்கு எழுந்ததும் மறுபடி பாருங்கள். உங்கள் வீட்டில் யாருடைய ஹக்கு கசிகிறது என்பது தெரிந்துவிடும்.

வல்ல நாயன் நம் ஆறுகளில் நீரையும், நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், நம் நாவில் நிதானத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.